வேலூர்க் கடைகளில் மாவுச்சத்துக் குறைந்த காபி கேட்டு வாங்குவது எப்படி? கீட்டோ உணவுமுறையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாவுச்சத்தை, அதாவது சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டை, மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக்கொள்ளும் கீட்டோ உணவுமுறைக்கு மாறுகிறவர்களில் பலர் இட்லியையும் சோற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். காபி என்று வரும்போதுதான் தயங்குகிறார்கள். காட்பாடியில் வசிக்கும் நானும் அப்படித்தான் தயங்கினேன். உண்மையில் காபியை விட வேண்டிய அவசியமே இல்லை. பில்டரில் இறங்கும் டிகாஷனில் மாவுச்சத்து மிகமிகக் குறைவு. ஒரு டம்ளர் காபிக்கு ஊற்றும் அளவில் ஒரு கிராம்கூடத் தேறாது. நம்மைக் கவிழ்ப்பவை அதனுடன் சேரும் பால், சர்க்கரை, பொடி, சிரப் ஆகியவையே. ஆகவே கடையில் நின்று காபி கேட்கும்போது அதை ஒரே பொருளாக எண்ணாமல், டிகாஷன் எவ்வளவு, பால் எவ்வளவு, இனிப்பு எது, மேலே தூவுவது எது என்று பாகம் பாகமாகப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். வேலூரின் டீக்கடை முதல் எஸ்பிரெசோ இயந்திரம் வைத்திருக்கும் குளிரூட்டப்பட்ட கடை வரை இதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்

கீட்டோ உணவுமுறை எடைக் குறைப்புக்காக உருவானது அன்று. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்கான சிகிச்சையாகவே இதை முன்வைத்தார். மருந்தைப் போல வேலை செய்யும் உணவுமுறை என்பதால் மருந்துக்குரிய எச்சரிக்கையும் இதற்கு வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் அவசர நிலை வரக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரும் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. மருத்துவத்துக்காக நாடு முழுவதிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் ஊரில் இருந்துகொண்டு, மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்குவதற்கு நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஒரு நாளின் கணக்கு

கீட்டோவில் இருப்பவர்கள் வழக்கமாக ஒரு நாளுக்கு 20 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்து என்று வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். அந்த வரம்பில் காபிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் என் நாளில் 5 கிராமை மட்டும் காபிக்கு வைத்திருக்கிறேன். காய்கறி, முட்டை, பாதாம் போன்ற கொட்டைகள் ஆகியவற்றுக்கு மீதம் வேண்டும் அல்லவா?

இனி எண்களைப் பார்ப்போம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ், அதாவது பாலுக்கே உரிய சர்க்கரை இருக்கிறது. ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் சுமார் 80 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போவதாக வைத்துக்கொண்டால், ஒரு காபிக்கே 12 முதல் 14 கிராம் ஆகிறது. காலை ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்று மூன்று காபி குடிப்பவர், ஒரு கவளம் சோறுகூடச் சாப்பிடாமலேயே 40 கிராமைத் தொட்டுவிடுவார். சர்க்கரையை மட்டும் நீக்கினால் மூன்று காபிக்கு 12 கிராம். பாலையும் பாதியாக்கினால் 6 கிராம். இந்தக் கடைசி எண்ணை அடைவதே நம் நோக்கம்.

பால் பாக்கெட்டின் நிறம் குறித்துப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஆவினின் நீல நிறப் பாக்கெட்டில் 3 விழுக்காடும், பச்சையில் 4.5 விழுக்காடும், ஆரஞ்சில் 6 விழுக்காடும் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு கூடுவதால் லாக்டோஸ் குறைந்துவிடுவதில்லை. மூன்றிலும் அது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆரஞ்சு பாக்கெட்டில் போட்ட காபி நாக்குக்குக் கெட்டியாக இருப்பதால் குறைந்த பாலிலேயே நிறைவு கிடைக்கும் என்பது மட்டுமே அதன் நன்மை. லாக்டோஸ் நீக்கிய பால் என்று தனியே விற்பதும் நமக்கு உதவாது. அதில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்னும் இரண்டு சிறு சர்க்கரைகளாக உடைக்கப்பட்டிருக்கிறதே தவிர, வெளியே எடுக்கப்படவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்லது. நம் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை.

“சர்க்கரை போடவில்லை” என்பது பாதிப் பதில்தான்

கீட்டோ தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு வெயில் நேரத்தில், சாலையோரக் கடை ஒன்றில் சர்க்கரை இல்லாத கோல்டு காபி கேட்டேன். கொண்டுவந்து வைத்த இளைஞரிடம் மீண்டும் ஒருமுறை உறுதி செய்துகொண்டேன். “சுகர் போடலை சார்” என்றார். முதல் வாயிலேயே தித்தித்தது. அவரை அழைத்து, என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டபோது, பாலும் ஐஸும் ஒரு பொடியும் என்றார். அந்தப் பொடியின் பாக்கெட்டைப் பார்க்கலாமா என்றேன்; முகம் கோணாமல் எடுத்து வந்து காட்டினார். உட்பொருட்களின் வரிசையில் முதலாவதாக அச்சிட்டிருந்த சொல் சர்க்கரை. எந்தப் பொருள் எடையில் மிகுதியோ அதையே முதலில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. அப்படியானால் அந்தப் பாக்கெட்டில் காபியைவிடச் சர்க்கரையே அதிகம்.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. கரண்டியால் சர்க்கரையை அள்ளிப் போடவில்லை என்பது உண்மைதான். என் கேள்விதான் தவறு. அன்றிலிருந்து “சர்க்கரை போடுவீர்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இதில் என்னென்ன போகும்?” என்று கேட்கத் தொடங்கினேன். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்பதோடு பதில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு, சொல்பவர் பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லியாக வேண்டும். அப்போது பொடியும் சிரப்பும் தாமாகவே வெளியே வந்துவிடும். இந்த ஒரு கேள்வியைப் பழக்கிக்கொண்டால் எந்தக் கடையிலும் பாதி வேலை முடிந்தது.

டீக்கடையில்

நம் ஊர் டீக்கடைகளில் சர்க்கரை இல்லாத காபிக்கு எல்லோரும் அறிந்த பெயர் ‘வித்தவுட்’. இடா ஸ்கடர் சாலையில் மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை வித்தவுட் போகும் என்று கணக்கிட முடியாது. ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. எப்போது கேட்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கூட்டம் சேரும் காலை வேளையில் மாஸ்டரின் கையைக் கவனித்துப் பாருங்கள். எட்டுப் பத்து டம்ளர்களைப் பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் முதலிலேயே சர்க்கரையைப் போட்டுக்கொண்டே போவார். பிறகு டிகாஷன், அதன்மேல் பால். நாம் போய் நின்று “ஒரு காபி” என்று சொல்லிவிட்டு, காசு கொடுத்த பிறகு “சர்க்கரை வேண்டாம்” என்றால், அடியில் சர்க்கரை கிடக்கும் டம்ளரைக் கலக்காமல் அப்படியே கொடுத்துவிடுவதும் நடக்கும். கலக்காவிட்டாலும் சூட்டில் அதில் ஒரு பங்கு கரைந்தே தீரும். ஆகவே வாயைத் திறந்ததும் வரும் முதல் சொல்லே ‘வித்தவுட்’ ஆக இருக்கட்டும். ஆற்றுகிற குவளை முந்தைய காபியின் சர்க்கரையோடு இருந்தால், அதை அலசிவிட்டு ஆற்றித் தருமாறு கேட்கலாம். அல்லது ஆற்றாமலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பாலின் அளவு. டீக்கடை வழக்கில் ‘லைட்’ என்றால் பால் கூடுதல், டிகாஷன் குறைவு. ‘ஸ்ட்ராங்’ என்றால் டிகாஷன் தூக்கல். நமக்கு வேண்டியது ஸ்ட்ராங். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பினால், டிகாஷனையும் கூட்டி டம்ளர் நிறையப் பாலையும் ஊற்றிவிடுவார்கள். ஆகவே அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் வழக்கமாகச் சொல்வது இது:

“அண்ணா, ஒரு வித்தவுட். டிகாஷன் ஸ்ட்ராங்கா, பால் கால் டம்ளர் போதும், மீதி சுடுதண்ணி ஊத்திக் குடுங்க.”

கால் டம்ளர் என்பது 25 முதல் 30 மில்லி. அதில் ஒன்றரை கிராம் லாக்டோஸ்தான். முதல் இரண்டு நாள் மாஸ்டர் வியப்புடன் பார்ப்பார். அதன்பின் நம் தலையைக் கண்டதும் தனி டம்ளர் எடுத்து வைத்துவிடுவார். ஒரே கடையை வாடிக்கையாக வைத்துக்கொள்வது கீட்டோ காபிக்குப் பெரிய துணை என்பது என் அனுபவம்.

டீக்கடைக்கென்றே ஒரு நல்ல பொருள் இருக்கிறது: பாலாடை. அகன்ற பாத்திரத்தில் பால் நெடுநேரம் காய்கிற கடைகளில், மேலே மஞ்சள் கலந்த வெண்மையில் தடித்த ஆடை படியும். கரண்டியால் ஓரத்திலிருந்து ஒதுக்கி எடுத்தால் மடிந்து மடிந்து வரும். கொழுப்பும் புரதமும் மிகுந்த இந்த ஆடையில் ஒரு கரண்டியை, சுடுதண்ணீர் கலந்த டிகாஷன்மேல் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரிய கடைகளில் தனியே காசு வாங்கிக்கொண்டு ஊற்றும் கிரீமுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததன்று. ஆடை போட்டுக் குடிக்கும் பழக்கம் நம்மவர்களுக்குப் பழையது என்பதால் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

நெடுநேரம் சுண்டக் காய்ந்த பாலில் தண்ணீர் ஆவியாகி லாக்டோஸின் செறிவு கூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாலை நேரத்துப் பால் சர்க்கரையே இல்லாமல் இனிப்பது அதனால்தான்.

கடுங்காபி என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பால் இல்லாத காபி என்றால் கசக்கும் என்று எண்ணி, மாஸ்டர் தாமாகவே சர்க்கரையைக் கூட்டிப் போடுவது உண்டு. ஆகவே “வித்தவுட் கடுங்காபி” என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுக்கு காபி, மல்லி காபி போன்றவற்றில் கருப்பட்டியையோ வெல்லத்தையோ முன்கூட்டியே போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். பிரித்து எடுக்க வழியில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுவதே சரி.

ஓட்டல் பில்டர் காபி

டபராவும் டம்ளருமாக வரும் ஓட்டல் காபியில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: கேட்டால் டிகாஷனைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் கொண்டுவந்து தருவார்கள். டபராவில் டிகாஷன், டம்ளரில் சுடுதண்ணீர், ஒரு சிறு கிண்ணத்தில் பால் என்று வாங்கிக்கொண்டு நாமே கலந்துகொள்ளலாம். அளவு நம் கையில் இருப்பதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. இரண்டு டேபிள்ஸ்பூன் பால் 30 மில்லி என்று கண்ணளவில் பழகிக்கொள்ளுங்கள்.

பால் குறைத்துக் குடிப்பவர்கள் டிகாஷனின் தரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பாலும் சர்க்கரையும் மறைத்துவைக்கும் குறைகள் எல்லாம் கறுப்புக் காபியில் நாக்கில் வந்து நிற்கும். முதல் டிகாஷன் கெட்டியாகவும் மணமாகவும் இருக்கும். அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனில் கசப்பே மிஞ்சும். காலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள்ளும், மாலை நான்கு மணியை ஒட்டியும் போனால் புது டிகாஷன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சிக்கரி பற்றியும் கேட்கிறார்கள். காபியும் சிக்கரியும் கலந்த பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதாவது 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரிக் கிழங்கின் முக்கிய மாவுச்சத்து இனுலின் என்னும் நார்ச்சத்து. அது சிறுகுடலில் செரிப்பதில்லை. ஒரு டம்ளர் டிகாஷனில் இறங்கும் அளவைப் பார்த்தால் கீட்டோவுக்கு அது பெரிய தடை இல்லை. ஆனால் சிக்கரி மிகுந்த பொடியைப் பால் இல்லாமல் குடித்தால் கருகிய வாடை தூக்கலாக இருக்கிறது. வீட்டுக்குப் பொடி அரைத்து வாங்குபவர்கள் சிக்கரி இல்லாமலோ, பத்துக்கு ஒன்று என்ற அளவிலோ வாங்கிப் பாருங்கள்.

எஸ்பிரெசோ இயந்திரம் உள்ள கடைகளில்

காட்பாடிச் சாலையிலும் காந்தி நகரிலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி இத்தகைய கடைகள் பெருகியிருக்கின்றன. விலைப்பலகை நீளமாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். எல்லாப் பானங்களுக்கும் அடி ஒன்றுதான்: 30 மில்லி எஸ்பிரெசோ. அதன்மேல் என்ன ஊற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பெயர் மாறுகிறது.

எஸ்பிரெசோவைத் தனியாக வாங்கினால் ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ, கணக்கில் மாற்றமில்லை. இரட்டை எஸ்பிரெசோவும் அதே அளவு பாலும் சேர்ந்தது கார்ட்டாடோ. 60 மில்லி பால் என்றால் 3 கிராம். கப்புச்சினோவில் பொங்கிய நுரையைக் கழித்துப் பார்த்தால் 120 மில்லி அளவு பால் இருக்கும், 6 கிராம். லாட்டேவில் 200 மில்லி பால் போகிறது, 10 கிராம். பெரிய குவளையில் வாங்கினால் இன்னும் கூடும். என் வரம்பு 5 கிராம் என்பதால் கார்ட்டாடோவோடு நின்றுவிடுகிறேன். கப்புச்சினோதான் வேண்டும் என்பவர்கள் இருப்பதிலேயே சிறிய குவளையில், அன்றைய ஒரே பால் காபியாக அதை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மேலே தூவும் சாக்லேட் பொடி வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

மாக்கியாட்டோ என்ற பெயரில் குழப்பம் இருக்கிறது. இத்தாலிய வழக்கப்படி அது எஸ்பிரெசோவின் தலையில் ஒரு கரண்டி பால் நுரை மட்டுமே. கீட்டோவுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் கேரமல் மாக்கியாட்டோ என்று பலகையில் இருப்பது பெரிய குவளை நிறையப் பாலும் வெனிலா சிரப்பும் கேரமல் சாறும் சேர்ந்த வேறொரு பானம். பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மோக்கா, ஃபிரப்பே, ஐஸ்கிரீம் போட்ட கோல்டு காபி ஆகியவை சாதாரணமாக 30 கிராமைத் தாண்டிவிடும். இவற்றைக் குறைத்துக் கேட்டு வாங்க வழியில்லை. ஏனெனில் இனிப்புப் பொடியோ சிரப்போ இல்லாவிட்டால் அந்தப் பானமே இல்லை.

கவுன்டரில் நின்று சொல்வதற்கு ஒரு வாசகத்தைத் தயாராக வைத்திருங்கள். நான் சொல்வது: “தம்பி, ஒரு டபுள் எஸ்பிரெசோ பெரிய கப்பில் வேணும். சுடுதண்ணி தனியா, ஃபிரெஷ் கிரீம் இருந்தா ரெண்டு ஸ்பூன் தனியா குடுங்க. சிரப், பொடி, சர்க்கரை எதுவும் வேண்டாம்.” தனியா என்ற சொல் இங்கே மிகவும் முக்கியம். கலந்து வந்துவிட்டால் அளவு தெரியாது.

ஃபிரெஷ் கிரீம் என்று பாக்கெட்டில் விற்பதில் கொழுப்பு 25 விழுக்காடு. இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மாவுச்சத்து சுமார் ஒரு கிராம். அதே அளவு பாலைவிட இது குறைவு, சுவையோ பல மடங்கு கெட்டி. ஆனால் ‘விப்ட் கிரீம்’ என்று குழலிலிருந்து பூப்போலப் பிழிந்து வைப்பது பெரும்பாலும் இது இல்லை. கேக் கடைகளில் பயன்படும், தாவரக் கொழுப்பில் சர்க்கரை சேர்த்துச் செய்த டாப்பிங் அது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சூடான காபி இறங்காது. அப்போது ஐஸ் போட்ட அமெரிக்கானோவைவிட நல்லது வேறில்லை. நீண்ட டம்ளரில் ஐஸ் நிரப்பி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதன்மேல் எஸ்பிரெசோவை மெல்ல விட்டால், கரும்பழுப்பு நிறம் இழையிழையாக இறங்கித் தண்ணீரில் கலப்பதைப் பார்க்கலாம். அதன்மேல் ஒரு ஸ்பூன் கிரீம் விட்டால் வெண்மேகம் போல் பரவும். இனிப்பு இல்லாத குறையே தெரியாது என்று மனமாரச் சொல்வேன்.

செயலி வழியாக வீட்டுக்கு வரவழைப்பவர்கள் கவனிக்க: குறிப்புப் பெட்டியில் எழுதுவதைக் கூட்ட நேரத்தில் யாரும் படிக்காமல் போகலாம். படிக்காவிட்டாலும் கெட்டுப்போகாத பானத்தையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்கானோவைக் கேட்டால் சர்க்கரை பொட்டலமாகத் தனியே வரும். தவறு நடக்க இடமில்லை.

பாலுக்கு மாற்று கேட்கும்போது

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு நம் ஊரில் ‘பாதாம் பால்’ சேர்த்த காபி கேட்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நம் பேக்கரிகளில் பாதாம் பால் என்றால், பசும்பாலில் சர்க்கரையும் பாதாம் பொடியும் மஞ்சள் நிறமும் சேர்த்துக் காய்ச்சியது. கீட்டோவினர் தேடுவது பாதாம் பருப்பை நீரில் ஊறவைத்து அரைத்து வடித்த, சர்க்கரை சேர்க்காத சாறு. இரண்டும் பெயரில் மட்டுமே ஒன்று. கடையில் ‘ஆல்மண்ட் மில்க்’ என்றே கேளுங்கள். இருக்கிறது என்றால், இனிப்புச் சேர்க்காததா என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சேர்க்காததில் ஒரு குவளைக்கு ஓரிரு கிராம்தான். சேர்த்ததில் பத்துக்கும் மேலே போகலாம். ஓட்ஸ் பால் தானியத்திலிருந்து வருவது; மாவுச்சத்து மிகுதி என்பதால் அதைத் தொட வேண்டாம்.

தேங்காய்ப் பாலை நான் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வதுண்டு. முதல் பாலைத் தண்ணீர் சேர்க்காமல் பிழிந்து சிறு புட்டியில் எடுத்துச் சென்றால் இரண்டு ஸ்பூனே போதும். வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

இனிப்பு இல்லாமல் முடியாதவர்களுக்கு

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் ஆகியவற்றை நல்லவை என்று நெடுஞ்சாலைக் கடைப் பலகைகளில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அவற்றின் சுவை பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் கீட்டோ கணக்கில் அவை அனைத்தும் சர்க்கரையே.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். பொட்டலத்தில் வரும் பொடிகளில் அளவைக் கூட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள். ஒன்றில் ஒரு கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பாதகமில்லை. ஐந்து என்றால் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காக நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்ததையும் அறிந்துகொள்ளுங்கள். என் யோசனை, பத்து நாளைக்கு ஒரு முறை பாதி பாதியாக அளவைக் குறைத்துக்கொண்டே வருவதுதான். ஒரு மாதம் கழித்துப் பழைய சர்க்கரைக் காபியை ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது என்னால் விழுங்க முடியவில்லை.

பட்டர் காபி

கறுப்புக் காபியில் வெண்ணெயோ வேறு கொழுப்போ சேர்த்து நுரைக்க அடிப்பதுதான் பட்டர் காபி. பேலியோ, கீட்டோ உணவுமுறை அன்பர்களால் தமிழ்நாட்டில் பரவலாகிவிட்ட இந்தக் காபியை வீட்டில் அடித்துக் குடிப்பதே எளிது. கடையில் வேண்டுமானால் கறுப்புக் காபி வாங்கி, கையோடு கொண்டுபோன கொழுப்பை அதில் சேர்த்துக்கொள்ளலாம். பேக்கரி வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது, காபி கரிக்கும். உப்பில்லா வெண்ணெயைப் பையில் எடுத்துச் சென்றால் நம் வெயிலில் உருகி வழியும். மூடி இறுக்கமான சிறு புட்டியில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ எடுத்துச் செல்வதுதான் நடைமுறைக்கு ஒத்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடுவதால், மார்கழிக் காலை தவிர்த்து நம் ஊரில் எப்போதும் ஊற்றும் பதத்தில் இருக்கும். ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். முதல் நாளே இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றிக் குடித்தால் வயிறு கலங்கிவிடும். பட்டர் காபி ஒரு வேளை உணவுக்குச் சமம் என்பதையும் மறக்கக் கூடாது. காலைச் சிற்றுண்டியும் முட்டையும் சாப்பிட்ட பிறகு அதையும் குடிப்பதில் பொருளில்லை.

காபியோடு வரும் தட்டு

காபியைச் சரியாகக் கேட்டு வாங்கிவிட்டு, பக்கத்துக் கண்ணாடிச் சாடியிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். பன், பஜ்ஜி, சமோசா, ஆற்காட்டு மக்கன் பேடா எதுவும் நமக்கு இல்லை. நம் டீக்கடைகளில் கிடைக்கும் அவித்த முட்டையும் மிளகுத்தூள் தூவிய ஆம்லெட்டும் போதுமான துணை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 5 கிராம் அளவு மாவுச்சத்து இருப்பதால் அதை எண்ணிச் சாப்பிட வேண்டும்.

எத்தனை காபி குடிக்கலாம்?

மாவுச்சத்து இல்லை என்பதற்காகக் கறுப்புக் காபியை வரம்பில்லாமல் குடிக்கக் கூடாது. நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் என்பது பொதுவான மேல்வரம்பு. ரொபஸ்டா வகைக் காபிக் கொட்டையில் அராபிக்கா வகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் உண்டு. கெட்டி டிகாஷனை நம்பிக் குடிக்கும் நம்மைப் போன்றவர்கள் மூன்று காபியோடு நிறுத்துவது நல்லது. கீட்டோவின் முதல் வாரங்களில் உடலிலிருந்து நீரும் உப்பும் அதிகமாக வெளியேறும். தலைவலியும் களைப்பும் வரும். அதைக் காபி குறைவு என்று எண்ணி மேலும் ஒரு காபி குடிப்பவர்கள் உண்டு. அப்போது தேவைப்படுவது, உயர் ரத்த அழுத்தம் இல்லாதவர்களாக இருந்தால், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட எலுமிச்சை நீர்.

இயந்திரக் காபியும் ரயில் காபியும்

அலுவலகங்களிலும் காத்திருப்புக் கூடங்களிலும் பொத்தானை அழுத்தினால் வரும் காபியில், பால் பொடியும் சர்க்கரையும் காபியும் பெரும்பாலும் ஒரே கலவையாகவே உள்ளே இருக்கின்றன. சர்க்கரை வேண்டாம் என்ற பொத்தான் இருந்தால் மட்டும் பாருங்கள். இல்லையெனில் வெந்நீர்ப் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். ரயிலில் கூவி விற்கும் காபியிலும் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே வரும். நமக்கென்று தனியாகப் போட்டுத் தர விற்பவருக்கு வழியில்லை. காட்பாடி சந்திப்பில் வண்டி ஏறும் முன் நான் செய்வது இது: சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித் தூளை ஒரு டீஸ்பூன் அளவுள்ள சிறு பொட்டலங்களாக வீட்டிலேயே மடித்து வைத்துக்கொள்வேன். நடைமேடைக் கடையில் ஒரு கப் சுடுதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, கையோடு கொண்டுபோன மூடியுள்ள புட்டியில் ஊற்றி, அதில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, நெய்ப் புட்டியிலிருந்து அரை ஸ்பூன் விட்டு, மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கினால் நுரை கட்டிக்கொண்டு நிற்கும். சூடான நீரை மூடிக் குலுக்கும்போது ஆவி மூடியைத் தள்ளும் என்பதால் புட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக் குலுக்க வேண்டும். இரண்டு முறை குலுக்கியதும் மூடியைச் சற்றே தளர்த்தி ஆவியை வெளியே விட்டுவிட்டு, மறுபடியும் மூடிக் குலுக்குங்கள்.